முக்கால் கப் சர்க்கரை

பியரைப் பாட்டிலில் அடைக்கும் நாளில் நஞ்சப்பன் வீட்டில் தாளிப்பு கிடையாது. எண்ணெய்ப் புகை ஏறிய சமையலறையில் பாட்டில் கழுவினால் உள்ளே ஒரு படலம் ஒட்டிக்கொள்ளும், நுரை நிற்காது என்பது அவன் கட்சி. அதைவிட முக்கியம், தயிர் கூடாது. முதல்முறை காய்ச்சியபோது அடுப்பு மேடையில் ஒரு பக்கம் உறை ஊற்றிய பாலும் மறுபக்கம் புளிக்க வைத்த பியருமாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். உறை கலக்கிய கரண்டியை ஒரு அலசு அலசிவிட்டு அதே கரண்டியால் பியரையும் கலக்கினான். தயிர் நன்றாகத் தோய்ந்தது. பியரும் தோய்ந்தது. வேலையிடத்தில் பக்கத்து க்யூபிக்கிளில் இருந்த டக் என்ற அமெரிக்கன்தான் அவனுக்குக் காய்ச்சக் கற்றுக்கொடுத்தவன். ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினான். முப்பது வருஷமாகக் காய்ச்சுகிற தன் மாமனாருக்குக்கூட இப்படி ஒரு விபத்து நேர்ந்ததில்லை என்று விழுந்து விழுந்து சிரித்தான்.

அதற்குப் பிறகு, பீப்பாயில் ஏதாவது கிடக்கிற வாரங்களில் நஞ்சப்பன் மோர்கூடத் தொடுவதில்லை. கொடுமுடியிலிருந்து அவன் அம்மா ஃபோனில் கேட்பாள்:

"தயிரில்லாம எப்படிச் சாமி சோறு எறங்குது?"

"எறங்குதும்மா."

"அப்படியென்ன வேண்டுதல்?"

அவன் ஊரில் மழை உண்டா என்று கேட்பான்.

தொண்ணூற்றொன்றில் டெக்சாஸ் வந்தவன். ரிச்சர்ட்சனில் டெலிஃபோன் ஸ்விட்சுகளைச் சோதிக்கும் வேலை, ஆலனில் வாடகை வீடு. பக்கத்தில் பியர் விற்கும் கடை இல்லை. வேண்டுமென்றால் காரை எடுத்துக்கொண்டு ஊர் எல்லை தாண்டிப் போகவேண்டும். ஆனால் அவன் காய்ச்ச ஆரம்பித்தது குடிப்பதற்காக அல்ல. ஒரு பாட்டில், சில நாள் இரண்டு, அதோடு சரி. அவனுக்குப் பிடித்தது காத்திருப்பது. பீப்பாயின் மூடியிலிருக்கும் குழாயில் குமிழி வருவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். குமிழி நின்ற பிறகும் பொறுப்பான். அவசரப்படுகிறவனுக்கு இது ஆகாது.

புளித்து முடிந்த பியர் செத்த தண்ணீர் மாதிரி இருக்கும். அதற்கு உயிர் கொடுப்பது சர்க்கரை. ஒரு பீப்பாய்க்கு முக்கால் கப் சோளச் சர்க்கரை. அதைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறவைத்து, காலி வாளியின் அடியில் ஊற்றி, அதன்மேல் பியரை ரப்பர் குழாயால் அலுங்காமல் இறக்கவேண்டும். பிறகு பாட்டில், பிறகு மூடி. மிச்சமிருக்கும் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று காற்றை விடும். மூடியிருப்பதால் காற்றுக்குப் போக்கிடம் கிடையாது. பியருக்குள்ளேயே அடங்கும். இரண்டு வாரம் கழித்துத் திறந்தால் 'ஸ்' என்று ஒரு மூச்சு விடும். அந்த ஒரு மூச்சுக்குத்தான் இத்தனை பாடும். சர்க்கரை குறைந்தால் சவம். கூடினால் கண்ணாடி தாங்காது.

மயில்சாமி அவனுடைய சித்தப்பா மகன். தொண்ணூற்று நாலில் கம்ப்யூட்டர் வேலைக்கென்று வந்து இறங்கியவனை ஏர்போர்ட்டிலிருந்து அழைத்துவந்து, வீட்டில் வைத்துச் சோறு போட்டு, ஃப்ரீவேயில் கார் ஓட்டப் பழக்கியவன் நஞ்சப்பன். மயில்சாமி அந்த வீட்டில் ஒரு பாட்டிலைக்கூடக் கழுவியதில்லை. குடித்துவிட்டு அடி வண்டலோடு சோபாவுக்குக் கீழே உருட்டிவிடுவான். "அண்ணன் கைப்பக்குவம் ஆருக்கு வரும்?" என்பான். நஞ்சப்பனுக்கு அது குளிர்ந்துவிடும்.

அடுத்த வருஷம் ஊரில் நஞ்சப்பனுக்குப் பெண் பார்த்தார்கள். காங்கேயத்து அரிசி ஆலைக்காரர் சுப்பையனின் மகள் தாமரைச்செல்வி. ஜாதகம் பொருந்தி, பெரியவர்கள் உட்கார்ந்து, நிச்சயத்துக்கு அடையாளமாக உப்புச் சர்க்கரை மாற்றிக்கொண்டார்கள். ஃபோட்டோ வந்தது. ஒரே ஒரு தடவை ஃபோனில் பேச விட்டார்கள்.

"அங்க ரொம்பக் குளுருங்களா?" என்று கேட்டாள்.

"இன்னிக்கு நூத்தி ரெண்டு டிகிரிங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பேசியது அவ்வளவுதான்.

பத்து நாள் கழித்து, வேறொரு ஜோசியர் ஏதோ தோஷம் சொன்னதாகத் தகவல் வந்தது. மாற்றிய சர்க்கரை திரும்பி வந்தது. வந்த தை மாதத்திலேயே தாமரைச்செல்விக்கும் மயில்சாமிக்கும் கல்யாணம் நடந்தது. அவனுக்கு மட்டும் ஜாதகம் பொருந்தியிருந்தது. நஞ்சப்பன் ஃபோனில் கூப்பிட்டு, நல்லா இருங்க என்று வாழ்த்தினான். ஜாதகம் என்றால் ஜாதகம்தானே. அதன்பின் அவனுக்குப் பேசிய இரண்டு சம்பந்தங்களும் பேச்சோடு பேச்சாக நின்றுபோயின. அவனுக்கு முப்பத்தைந்து ஆயிற்று.

தொண்ணூற்றெட்டில் நஞ்சுண்டன் வந்தான். ஈரோட்டில் நஞ்சப்பனோடு படித்தவன். கம்பெனி வேலையாக டல்லாஸ் வந்தவன் ஒருநாள் ஆலனுக்கும் வந்து உட்கார்ந்தான். நஞ்சப்பன் ஒரு பாட்டிலைத் திறந்து கொடுத்தான். நஞ்சுண்டன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"இதானாப்பா அது?"

"எது?"

"ஊருல உன்னைய என்ன சொல்றாங்கன்னு நெசமாவே உனக்குத் தெரியாதா?"

"என்ன சொல்றாங்க?"

"காய்ச்சறவன். கொடுமுடில இருந்து காங்கேயம் வரைக்கும் அதான் உம்பேரு. கராஜுக்குள்ள சாராயம் காய்ச்சி விக்கறானாம். போலீசு ரெண்டு தடவ வந்து போச்சாம்."

நஞ்சப்பன் சிரித்தான். "ஆரு கெளப்புனது?"

நஞ்சுண்டன் ஒரு வாய் குடித்தான். "உன்ற பங்காளிதான். சுப்பையனுக்கு ஃபோன் போட்டு, 'உங்க புள்ளையாட்ட நெனச்சுச் சொல்றனுங்க, பொண்ணக் கெணத்துல தள்ளீராதீங்க'ன்னானாம். ஃபோன்லயே அழுதுட்டானாம். 'இப்படி மனசுள்ள பையனா'ன்னு அந்த மனுசன் அப்படியே உருகிப்போயிட்டாராம். ஆலைல மூட்டை தூக்கறவனுக்கெல்லாம் இந்தக் கதை தெரியும்ப்பா. உனக்குத்தான் தெரியல." இன்னொரு வாய் குடித்துவிட்டு, "ஆனா ஒண்ணு, நல்லாத்தான் காய்ச்சறே" என்றான்.

நஞ்சப்பன் எழுந்துபோய்ச் சமையலறையில் நின்றான். சுவரில் ஃபோன் தொங்கிக்கொண்டிருந்தது. பெண் பார்த்த அந்த வருஷம் மயில்சாமி இங்கேதான் தங்கியிருந்தான், வேறு ஃபோன் கிடையாது. இதே ஃபோன்தான். இதே இடத்தில் நின்றுதான் அழுதிருப்பான். கையில் பாட்டில் இருந்திருக்கும். இவன் காய்ச்சி, இவன் கழுவி, இவன் அடைத்த பாட்டில்.

பங்காளியையும் பனங்காயையும் பதம் பார்த்து வெட்டவேண்டும் என்று ஊரில் சொல்வார்கள். நஞ்சப்பன் மயில்சாமியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மயில்சாமி அப்போது ஃபிரிஸ்கோவில் புது வீடு வாங்கியிருந்தான். வெண்பா என்று ஒரு பெண் குழந்தை. மாதம் ஒருமுறை அண்ணன் வீட்டுக்கு வந்து ஒரு பெட்டி பாட்டில் எடுத்துப்போவான். நஞ்சப்பன் எப்போதும்போலக் கொடுத்தான். எப்போதும்போலச் சிரித்தான். கொடுக்கும் ஒவ்வொரு பெட்டியும் அவனுக்குள் ஒரு மூடியை இறுக்கிக்கொண்டே வந்தது. ஓராண்டு போயிற்று.

தொண்ணூற்றொன்பது ஜூலையில் மயில்சாமி வந்தான். முகம் வாடியிருந்தது.

"மாமனார் வந்துட்டாருங்ண்ணா. ஆறு மாசம்."

"வரட்டுமே. பேத்தியப் பாக்க வேண்டாமா?"

"பேத்தியப் பாக்கட்டும், ஃபிரிட்ஜத் தொறந்து பாத்தாருன்னா? அவர் மூக்கு உங்களுக்குத் தெரியாது. மூட்டை தூக்கறவன் முந்தின நாள் குடிச்சிருந்தாக்கூட மறுநா வாசல்லயே மோந்து பாத்துத் திருப்பி அனுப்பற ஆளு."

"அப்ப ஆறு மாசம் சும்மா இரு."

"வெளையாடறீங்களா? நீங்க ஒரு பெட்டி குடுங்க. உங்க பாட்டில்ல லேபிள் கெடையாது, அதான் சேஃப். கராஜ்ல பழைய மானிட்டர் டப்பா இருக்குது, அதுக்குள்ள வெச்சுக்கறேன். ஆபீஸ்ல இருந்து வந்ததும் கார பார்க் பண்ணிட்டு அஞ்சு நிமிசம். அப்புறம் ஒரு ஏலக்கா. முடிஞ்சுது."

"சூடா குடிப்பியா?"

"இங்கிலாந்துக்காரன் அப்படித்தான் குடிக்கறானாம்."

"இந்த வெயிலுக்கு உன் கராஜ் அடுப்பாட்டக் காயுமே மயிலு."

"பியருக்கு வேர்க்குமாங்ண்ணா?" என்று மயில்சாமி சிரித்தான்.

நஞ்சப்பனும் சிரித்தான். பனங்காய் தானாகக் கத்திக்குக் கீழே வந்து உட்கார்ந்துவிட்டது.

அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தன்னை வேண்டாமென்று சர்க்கரையைத் திருப்பி அனுப்பிய சுப்பையன், தான் தேர்ந்தெடுத்த மாப்பிள்ளை யார் என்பதைத் தன் மூக்காலேயே தெரிந்துகொள்ளவேண்டும். யாரும் ஃபோன் போட்டு அழக்கூடாது. யாரும் ஒரு சொல் சொல்லக்கூடாது. அந்த நேரத்தில் நஞ்சப்பன் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்க்கவேண்டும்.

அந்தச் சனிக்கிழமை தாளிக்கவில்லை. தயிர் இல்லை. பீப்பாயிலிருந்த பியரை இரண்டு வாளியாகப் பிரித்தான். தன் வாளிக்குப் பாதியளவு சர்க்கரை, முறைப்படி. மயில்சாமியின் வாளிக்கு முழுப் பீப்பாய்க்கும் உரிய முக்கால் கப்பையும் போட்டான். பாகு கொதித்து வரும்போது கல்யாண வீட்டு வாசம் அடித்தது. பாட்டில்களையும் யோசித்தே எடுத்தான். அடைப்பதற்கென்று கெட்டிக் கண்ணாடிப் பாட்டில்கள் வைத்திருந்தான். திருகுமூடிப் பாட்டில்கள் மெலிசு, அழுத்தம் தாங்காது, தூக்கி எறி என்று டக் சொல்லிக்கொடுத்திருந்தான். எறிவதற்காக ஒதுக்கி வைத்திருந்த அவற்றைத் தேடி எடுத்துக் கழுவினான். தன் பாட்டில்களைக் கழுவுவதைவிடச் சுத்தமாகக் கழுவினான். ஒவ்வொரு மூடியையும் இறுக்கும்போது அவன் வாய் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. பல வருஷமாயிற்று அவன் பாடி.

மறுநாளே பெட்டியை ஃபிரிஸ்கோவுக்குக் கொண்டுபோனான். "ரெண்டு வாரம் தொடாத. பாப்பா பொறந்த நாள் முடியட்டும்" என்று சொல்லியிருந்தான். மயில்சாமி மாமனாரை இர்விங் கோயிலுக்குக் கூட்டிப்போயிருந்தான். கராஜ் கதவு திறந்திருந்தது. மானிட்டர் டப்பாவுக்குப் பக்கத்தில் வெண்பாவின் சிவப்பு நிற மூன்று சக்கர சைக்கிள் நின்றது. நஞ்சப்பன் அதைக் காலால் ஓரமாக நகர்த்திவிட்டு, பாட்டில்களை டப்பாவுக்குள் அடுக்கி மேலே ஒரு பழைய துண்டைப் போட்டான்.

வீட்டுக்குள் போகிற லாண்டரி ரூம் கதவு திறந்தது. தாமரைச்செல்வி.

"வாங்க மாமா. காப்பி போடட்டுங்களா?"

கணவனுக்கு அண்ணன் முறை என்பதால் அவள் அவனை மாமா என்று கூப்பிட்டாள். கட்டியிருந்தாலும் மாமா என்றுதான் கூப்பிட்டிருப்பாள்.

"வேண்டாம்மா. ஒரு சாமான் மயிலு கேட்டான். வெச்சுட்டுப் போலாம்னு."

அவள் டப்பாவைப் பார்த்தாள். "சரிங்க மாமா" என்றாள்.

பிறந்த நாளன்று வெயில் பொசுக்கியது. வீட்டுக்குள் ஏசி உறுமிக்கொண்டிருந்தது. முன்வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. மயில்சாமியின் ஆபீஸ் ஆட்கள், குடும்பம் குடும்பமாக. நஞ்சப்பன் நேராகப் போய் சோபாவில் சுப்பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. அமெரிக்கா வந்தும் மனிதர் அரிசி ஆலை வாசலில் உட்கார்ந்திருப்பதைப் போலவே இருந்தார்.

"நீங்கதானுங்களா பெரிய மாப்ள?"

"ஆமாங்க மாமா."

"இன்னும் கலியாணம் ஆவுலியாட்ட?"

"ஜாதகம் பொருந்துலீங்க."

சுப்பையன் வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஆவும், ஆவும். நல்ல பழக்கவழக்கம் இருந்தா எல்லாம் கூடி வருமுங்க."

"மயில்சாமிக்கு வந்த மாதிரி."

"எங்க மாப்ள சொக்கத் தங்கமுங்க. வேல விட்டா வூடு. இந்த ஊருல இத்தன கண்றாவியும் கண்ணு முன்னால கெடக்குது, ஒண்ணையாச்சும் ஏறெடுத்துப் பாக்கோணுமே!"

"பாக்கமாட்டானுங்க. எனக்குத் தெரியாதுங்களா? என்ற வூட்டுலதான் இருந்தான்."

"அதத்தானுங்க சொல்றேன். சேத்துல இருந்தும் செந்தாமரையாட்ட."

நஞ்சப்பன் தலையாட்டினான். அவனுக்கு ஆத்திரம் வரவில்லை. இனிப்பாக ஏதோ தொண்டைக்குள் இறங்கியது. சொல்லு மாமா, இன்னும் சொல்லு என்று நினைத்துக்கொண்டான். கேக் வெட்டினார்கள். வெண்பா மெழுகுவத்தியை ஊதாமல் கையால் தட்டிவிட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

கைதட்டல் ஓயும்போது, லாண்டரி ரூமுக்கு அப்பாலிருந்து ஒரு சத்தம். 'டப்.'

"டயர் வெடிச்சுதா?" என்று யாரோ கேட்டார்கள்.

மறுபடி. பிறகு இரண்டு மூன்றாகச் சேர்ந்தாற்போல். கண்ணாடி சிதறும் ஓசை. நஞ்சப்பன் கராஜ் பக்கம் திரும்பவில்லை. மயில்சாமியைப் பார்த்தான். அவன் முகத்தில் ரத்தம் இறங்குவது தெரிந்தது. கையிலிருந்த கேக் தட்டை எங்கேயோ வைத்துவிட்டு ஓடினான். செருப்பு முன்வாசலில் கிடந்தது. வெறுங்காலோடு கராஜ் கதவைத் திறந்துகொண்டு உள்ளே பாய்ந்தான். அடுத்த கணம் ஐயோ என்று கத்தினான்.

திறந்த கதவு வழியே அனல் வந்தது. அனலோடு வாசனை வந்தது. பழைய சோற்று நீராகாரத்தில் கருப்பட்டி விழுந்து கிடந்ததைப் போல. சுப்பையன் மெல்ல எழுந்து நின்றார். அவர் மூக்கு விடைத்தது. நஞ்சப்பன் இத்தனை நாளாகக் காத்திருந்தது அந்த மூக்குக்காகத்தான்.

மயில்சாமி நொண்டிக்கொண்டு வந்தான். வெள்ளைக் கார்ப்பெட்டில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு சிவப்புப் பொட்டு விழுந்தது. பேன்ட் முழங்கால்வரை நனைந்து நாறியது.

"ஒண்ணுமில்லீங்க மாமா. சோடா. வெயிலுக்கு..."

"சோடாவா?" என்றார் சுப்பையன்.

மயில்சாமி அவர் மூக்கைப் பார்த்தான். பிறகு நஞ்சப்பனைப் பார்த்தான். அவன் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"அண்ணன் வெச்சதுங்க மாமா. நஞ்சப்பண்ணன். அவரு வூட்டுல எடமில்லைன்னு... கொழந்த இருக்கற வூடு வேண்டாம்னு எத்தனையோ சொன்னனுங்க. சொந்த அண்ணன எப்படிங்க மாமா வெளிய போன்னு சொல்றது?"

அழுகை அவனுக்கு எப்போதும் கைவசம் இருந்தது. நஞ்சப்பன் அன்றுதான் அதை நேரில் பார்த்தான்.

சுப்பையன் திரும்பினார். "அன்னிக்கே சொன்னாங்க. நாந்தான், ஆளுக்கு ஆளு பேசறதுன்னு பாதிதான் நம்புனேன். இன்னும் அந்தத் தொழில விடுலியாட்ட இருக்குது."

நஞ்சப்பன் எல்லாவற்றையும் யோசித்திருந்தான். வெயில், கண்ணாடி, நாள், மூக்கு. இதை யோசிக்கவில்லை. பாட்டிலில் லேபிள் இல்லைதான். ஆனால் யார் வீட்டில் எந்தப் பாட்டில் வெடித்தாலும் அதில் அவன் பேர்தான் ஒட்டியிருக்கும்.

"மயிலு, உன் சாவிக்கொத்தக் காட்டு" என்றான். குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. "மூடி தொறக்கறது தொங்குது பாரு. அத மாமாகிட்டக் காட்டு."

"அது கம்பெனில குடுத்ததுங்ண்ணா. எல்லாருக்கும் குடுத்தாங்க."

"ஆமாங்க, எங்கிட்டயும் இருக்கு" என்று ஆபீஸ்காரர் ஒருவர் தன் சாவியை எடுத்து ஆட்டினார். இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

"அப்பா."

தாமரைச்செல்வி கராஜ் வாசலில் நின்றாள். கையில் துடைப்பமும் முறமும். முறத்தில் கண்ணாடித் துண்டுகள்.

"இந்த வாசனை எனக்கு மூணு வருசமாப் பழக்கம்ப்பா. தெனம் சாயங்காலம் வூட்டுக்குள்ள வரும். சட்ட போட்டுக்கிட்டு, வாயில ஏலக்கா மென்னுக்கிட்டு வரும்."

சுப்பையன் மாப்பிள்ளையைப் பார்த்தார். அப்படி அவர் பார்த்ததை நஞ்சப்பன் அணு அணுவாக உறிஞ்சிக்கொண்டான். பிறகு அவர் சோபாவில் உட்கார்ந்தார். திருநீற்று நெற்றி வேர்த்திருந்தது. கூரை பறக்கும்படி ஏதாவது சொல்வார், கன்னத்தில் ஒன்று வைப்பார் என்று நஞ்சப்பன் எதிர்பார்த்தான்.

"சோத்தப் போடு கண்ணு" என்றார் சுப்பையன். "வந்தவங்க பசியோட இருக்காங்க."

சோறு போட்டார்கள். எல்லோரும் சாப்பிட்டார்கள். கத்தரிக்காய் நன்றாக இருப்பதாக ஒருவர் சொன்னார். டல்லாஸ் வெயிலைப் பற்றி ஒருவர் சொன்னார். மயில்சாமி காலில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் பக்கம் சுப்பையனின் கண் ஒருமுறைகூடப் போகவில்லை. வெடித்தது அத்தனையையும் ஒரே வார்த்தையால் மூடி போட்டு இறுக்கிவிட்டார் கிழவர். இருந்தாலும் நஞ்சப்பன் நிறையச் சாப்பிட்டான். தயிர்ச் சோறு இரண்டு முறை வாங்கினான். தன் வாயால் சொல்ல வேண்டியதை வேறொருத்தி சொல்லிவிட்டாள் என்பது மட்டும் பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டதைப் போல உறுத்தியது.

கிளம்பும்போது தாமரைச்செல்வி வெளியே குப்பைத் தொட்டியில் கண்ணாடியைக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"உங்க வூட்டுல எத்தன வெடிச்சுதுங்க மாமா?"

அவன் கார் சாவியை எடுத்தான்.

"அதே பியர்தானுங்களே?"

"அதேதான்."

"ஒண்ணும் வெடிக்கலீங்களா?"

"இல்லம்மா."

அவள் தலையாட்டினாள். கராஜுக்குள் போய் சிவப்பு சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தாள். சீட்டில் விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடி ஆழமாகக் குத்தி நின்றது.

"இது எப்பவும் அந்த டப்பாகிட்டத்தான் நிக்கும். நீங்க வந்துட்டுப் போன அன்னிக்கு ஓரமா நகந்து நின்னுது. அவ மறுபடி அங்கயே கொண்டுபோய் நிறுத்திக்கிட்டா. அவ எடம் அது."

நஞ்சப்பன் அந்தக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மெலிசான கண்ணாடி.

"நான் உங்களுக்காகச் சொன்னேன்னு நெனச்சுக்காதீங்க. எனக்கும் ஒரு வயித்தெரிச்சல் இருந்துச்சு, கொட்டீட்டேன். பொண்ணக் கெணத்துல தள்ளீராதீங்கன்னு உங்க தம்பி எங்கப்பாகிட்ட அழுதாரு. நீங்க எம்பொண்ணு சைக்கிளக் கெணத்து மேட்டுலயே நிறுத்திட்டுப் போனீங்க." அவள் முறத்தைத் தொட்டியின் விளிம்பில் தட்டினாள். "இனி இங்க வராதீங்க."

மாமா என்று அவள் சொல்லவில்லை.

சுப்பையன் ஆறு மாதம் இருக்கவில்லை. டிக்கெட்டை மாற்றிக்கொண்டு செப்டம்பரிலேயே ஊருக்குப் போனார். மயில்சாமி தீபாவளிவரைக்கும் நொண்டினான் என்று கேள்வி. அந்தச் செய்தி வந்த அன்று நஞ்சப்பன் தன் பாட்டில் ஒன்றைத் திறந்தான். அளவான மூச்சு, அளவான நுரை. அவனுக்கு வருத்தமில்லை. சுப்பையன் மாப்பிள்ளையைப் பார்த்த பார்வையை நினைக்க நினைக்க நாக்கில் ஊறியது. காங்கேயம் முழுக்க அந்தக் கதை பரவட்டும் என்று காத்திருந்தான்.

பரவியது. பொங்கலன்று அம்மா ஃபோனில் சொன்னாள்.

"மயில்சாமியக் குடிகாரன்ங்கறாங்க சாமி. உங்க சித்தி வெளிய தல காட்டறதில்ல."

"என்னைய என்னங்கறாங்க?"

"உன்னையக் காய்ச்சறவன்னுதான். அது அப்படியேதான் இருக்குது. இப்ப, ஊத்திக் குடுத்துத் தம்பியக் கெடுத்தவன்னு ஒண்ணு சேத்திக்கிட்டாங்க."

அந்த மாதம் அவன் மறுபடி காய்ச்சினான். குமிழி நின்ற பிறகும் பொறுத்தான். அடைக்கும் நாளில் தாளிக்கவில்லை. முக்கால் கப் சர்க்கரையை அளந்து, கப்பின் விளிம்பில் கத்தியை ஓட்டி வழித்தான். வழித்ததைக் கொட்டிவிட்டு மறுபடி அளந்தான். கெட்டிக் கண்ணாடிப் பாட்டில்களை மட்டும் எடுத்தான். மெலிசானவற்றை முன்பே தூக்கி எறிந்திருந்தான்.

எல்லாம் அடைத்து முடிந்ததும் பாட்டில்களை எப்போதும்போலக் கராஜின் அலமாரியில் அடுக்கினான். சற்று நேரம் நின்று பார்த்தான். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து, பிக்னிக்குக்குக் கொண்டுபோகும் பெரிய ஐஸ் பெட்டிக்குள் இறக்கி, மூடியை அழுத்தி மூடினான். அதன்மேல் டயர் மாற்றும் இரும்பு ஜாக்கியைத் தூக்கி வைத்தான். மூடியை இழுத்துப் பார்த்தான். திறக்கவில்லை.

அந்த வீட்டில் குழந்தை யாரும் இல்லை.